இருபத்திரண்டு வயதுக் குரல்

பஸ் நிலையத்துக் கம்ப்யூட்டரில் பழைய அறிவிப்பு புரோகிராமுக்கு மட்டும் சத்தம் போய் மூன்று நாளாகியிருந்தது. அறிவிக்காத பஸ் புறப்படாது. அதனால் எதுவும் புறப்படவில்லை. விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னல் கம்பியில் துணி காயப்போட்டிருந்தார்கள்.

அந்தப் புரோகிராமில் இருந்தது செங்கமலத்தின் குரல். இருபத்திரண்டு வயதில் பேசிக் கொடுத்தது. இப்போது அவளுக்கு ஐம்பது. அதே நிலையத்தில் நேரக் காப்பாளர். மூன்று நாளும் பஸ் பஸ்ஸாகப் போய் வாயாலேயே கத்திப் பார்த்தாள். டிரைவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். வண்டியை எடுக்கவில்லை.

பழுது பார்க்க வந்த அருளப்பன் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிச் செருகினான். புதுப் பாட்டு பாடியது. புதுப் படம் பேசியது. பழைய புரோகிராம் வாயைத் திறக்கவில்லை.

"பழசெல்லாம் சத்தத்த வேற வழியா அனுப்பும் மேடம். அந்த வழி எங்கயோ அடைச்சிருக்கு."

"எந்த வழி?"

அவன் கம்ப்யூட்டரை நகர்த்தினான். பின்னால் ஒரு நடைவழி இருந்தது.

"நேரா போங்க. என்னை விடமாட்டாங்க. நான் புதுசு."

நடக்க நடக்க அது நீண்டது. சாப்பாட்டு நேரம் தாண்டியபின் ஒரு அலுவலகம் வந்தது. சுவரில் ஒலிபெருக்கி. "டோக்கன் நாற்பத்தொன்று" என்றது. அவளுடைய குரல்.

செங்கமலத்துக்கு உச்சந்தலை வரை சுட்டது. நேரே அதிகாரியின் மேசைக்குப் போனாள்.

"அது என் குரல். குடுங்க."

"அதுக்கு வயசு இருபத்திரண்டு," என்றார் அதிகாரி. "உங்களுக்கு?"

"பேசின அன்னிக்கு எனக்குச் சளி. விழுப்புரம்னு சொல்றப்ப மூக்கடைச்சிருக்கும். சொல்லச் சொல்லிப் பாருங்க."

சொல்லச் சொன்னார். அடைத்திருந்தது. அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"சளி ஒத்துப்போகுது. ஆனா இப்ப உங்களுக்குச் சளி இல்லையே. பிடிச்சதும் வாங்க."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஒலிபெருக்கியை ஆணியோடு பிடுங்கினாள். யாரும் தடுக்கவில்லை. தடுப்பதற்கும் டோக்கன் கூப்பிட வேண்டும்.

வழியெல்லாம் அது அவள் கையில் இருந்தபடியே, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்றது.

"அத நான் பேசவே இல்ல," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. அது மறுபடி வருந்தியது.

நிலையத்தில் அருளப்பன் ஒயரைச் செருகினான். விழுப்புரம் செல்லும் பேருந்து புறப்படத் தயார் என்று ஒலிபெருக்கி சொன்னது. துணிகள் உள்ளே போயின. பஸ் உறுமியது. அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாள் கத்திய தொண்டை இன்னும் எரிந்தது. செங்கமலம் போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றாள்.

"தள்ளிக்குங்கம்மா," என்றார் டிரைவர். "அறிவிச்சாச்சு."

"யாரு?"

"செங்கமலம் மேடம்."

"நான்தான் செங்கமலம். போகாதன்னு சொல்றேன்."

டிரைவர் அவளைப் பார்த்தார். ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

"அவங்க சொல்லட்டும்," என்றார். ஹாரனை அழுத்தினார்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இன்னும் ஓரடி முன்னால் வந்து நின்றாள்.