ஆறுமணிக்குருவி வந்த வாரம்

...இல்லை, ஜேம்ஸ் சிரிக்கவில்லை, சிரித்தது ஸ்ரீகாந்த் மட்டும்தான், அதுவும் வாய்விட்டு இல்லை, கேமராவுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு மூக்கால் ஒரு சிரிப்பு. ஜேம்ஸ் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தான், வாரில் ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும், ஆவடி ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் என்னோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவன், சங்கடமாக இருந்தால் குனிந்து எதையாவது சரி செய்வான்... யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்பதையே ராத்திரியிலிருந்து உருட்டிக்கொண்டிருக்கிறேனே, இதுவே வெட்கக்கேடு இல்லையா? பார்த்தவர்களைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற வீராசாமி, யாரைப் பார்த்துக் கத்தினானோ அவளைப் பற்றி எப்போது யோசிப்பான்?

காலை மணி ஆறாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. ராத்திரி பெய்த தூறலில் பிளாஸ்டிக் நாற்காலி நனைந்திருந்தது, துடைக்காமலே உட்கார்ந்துவிட்டேன், லுங்கி ஈரம். எதிரே கொய்யா மரம், அதன் அடியில் நான் பெருக்க விடாமல் வைத்திருக்கிற சருகு, துணி துவைக்கிற கல், குழாய், அந்தப் பக்கம் கம்பி வேலிக்கு அப்பால் யாரோ வாங்கிப் போட்டுவிட்டுப் போன காலி மனை, முள்ளும் புதருமாக. வெள்ளானூரில் இந்த மாதிரிக் காலி மனை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்குமோ. ரிட்டையர் ஆன முதல் மாதம் வீட்டில் எங்கே உட்காருவது என்றே எனக்குத் தெரியவில்லை, ஹாலில் உட்கார்ந்தால் மகள் கிருஷ்ணப்பிரியா ஆபீஸ் மீட்டிங் பேசுகிறாள், அடுப்படிப் பக்கம் போனால் பெண்டாட்டி பார்வதம் "இன்னாய்யா வோணும்" என்கிறாள், எதுவும் வேண்டாம் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது, அப்படித்தான் இந்த நாற்காலியோடு பின்பக்கம் வந்தேன். வந்த இடத்தில் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு, கூட்டமாக வந்து ஒன்றையொன்று திட்டிக்கொண்டே சருகைப் புரட்டின, கல்யாண வீட்டில் இலை போடுகிற கும்பல் மாதிரி, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபது வயசில் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன். அப்புறம் கரிச்சான், அப்புறம் தேன்சிட்டு, முருங்கைப் பூவில் தலைகீழாகத் தொங்கும். ஜேம்ஸ் தன் பழைய பைனாகுலரைக் கொடுத்தான். பகலெல்லாம் இங்கேயே கிடந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

அந்தச் சந்தோஷத்தில்தான் இவளைக் கூப்பிட ஆரம்பித்தேன். பார்வதம், இங்க வா, கேளு, குக்குறுவான் தட்டுது பாரு, பாத்திரக் கடையில தட்டறாப்ல. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வருவாள், வலது பக்கம் இன்னொரு நாற்காலி, அதில் உட்காருவாள், உட்கார்ந்து முழுசாக என் பக்கம் திரும்பிக்கொள்வாள், மரத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்ப்பாள். ஆசையில் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தேனா, பெருமைப்பட்டேன், இந்த வயசில் நம்மை இப்படிப் பார்க்கிறாளே என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு... கொஞ்ச நேரம் கழித்து, "ஆமாய்யா, நல்லா கீது" என்பாள். ஒரு நாள் நான் கேளு என்று சொல்லி முடிப்பதற்குள் குருவி நிறுத்திவிட்டது, மரம் கப்சிப் என்று இருக்கிறது, அன்றைக்கும் "ஆமாய்யா, நல்லா கீது" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், மகளைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தேன். கிருஷ்ணப்பிரியா சிரிக்காமல் உள்ளே போனாள். ஏன் போனாள் என்று அப்போது கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை, ஆபீஸ் டென்ஷன் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமைதான் ஆறுமணிக்குருவி வந்தது. வடக்கே இருந்து இறங்குகிறபோது ஐப்பசியில் சில நாள் இந்தப் பக்கம் தங்கும் என்று ஜேம்ஸ் சொல்லியிருந்தான், காலையில் ஆறு மணிக்கும் சாயந்திரம் ஆறு மணிக்கும் இரண்டு விசில், அவ்வளவுதான், மிச்ச நேரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சத்தம் கேட்டு நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், புதரிலிருந்து தத்தித் தத்தி வெளியே வந்தது, பச்சை முதுகு, இறக்கையில் நீலம், கண்ணுக்கு மை தீட்டியது போலக் கறுப்புக் கோடு, வாலுக்கு அடியில் குங்குமத்தைக் கொட்டியது போல. கண்ணை இமைக்காமல் பார்த்தேன். மகள் பிறந்தபோது நர்ஸ் கொண்டுவந்து காட்டினாளே, அன்றைக்குக்கூட இப்படிப் பார்த்தேனா என்று யோசித்தேன், அப்படி யோசித்ததை யாரிடமும் சொல்லக்கூடாது. பறவை பார்ப்பவர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். முதல் தடவையாக எனக்கு நாற்பது பேர் பதில் போட்டார்கள். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற ஸ்ரீகாந்த், முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருக்கிறவன், சனிக்கிழமை வரட்டுமா சார் என்றான். சார் என்றான்.

நேற்று சாயந்திரம் ஜேம்ஸோடு வந்தான். ஆறு ஆக ஐந்து நிமிஷம் இருக்கும்போது குருவி வெளியே வந்தது, கொய்யாச் சருகில் நின்று ஒரு புழுவை இழுத்தது, ஸ்ரீகாந்த் மண்ணில் முட்டி போட்டு மூச்சை அடக்கி லென்ஸைத் திருகினான், அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது, பார்வதம் அடிப்பிடித்த அலுமினியக் குண்டானைக் கொண்டுவந்து கல்லின்மேல் போட்டாள். டமால். குருவி போய்விட்டது. ஒரு படம்கூட எடுக்கவில்லை. எனக்குள் என்ன ஏறியதோ, "அறிவு கீதா ஒனக்கு? எத்தினி வாட்டி சொல்றது? செவுட்டு முண்டம், காது இன்னா அடைச்சிகினு கீதா?" என்று கத்தினேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், திரும்பவே இல்லை, சோப்பு நாரை எடுத்தாள். அதுவே எனக்கு இன்னும் கோபம், திமிர் என்று நினைத்தேன். அப்புறம் தற்செயலாகத் திரும்பினாள், நாங்கள் மூன்று பேரும் தன்னையே பார்க்கிறோம் என்பதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சிரித்தாள். "டீயா? தோ, அஞ்சு நிமிசம்" என்றாள். அப்போதுதான் ஸ்ரீகாந்த் மூக்கால் சிரித்தது. நான் கையை நீட்டி, "டீ கேட்டாங்களா உன்ன? போடி உள்ள" என்றேன். கை நீட்டியது புரிந்துவிட்டது அவளுக்கு. சிரிப்பு எப்படி இறங்குவது என்று தெரியாமல் அவள் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது... அதன் பிறகும் டீ வந்தது. மூன்று கிளாஸ், பிஸ்கெட். நான் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள், நன்றாக இருந்தது, குடித்தேன்.

அவர்கள் பைக் தெருமுனை திரும்பியதும் கிருஷ்ணப்பிரியா காலி கிளாஸ்களைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "நைனா, அம்மாக்கு நெஜமாவே காது கேக்கல" என்றாள். "இந்த ஊட்ல யாருக்குத்தான் நான் பேசறது கேக்குது" என்றேன் நான், வேடிக்கையாக. அவள் அசையவில்லை. "வெளையாடல நைனா. எடது காது சுத்தமா இல்ல. வலது பக்கம் கிட்ட வந்து பேசுனா கொஞ்சம் கேக்கும். ஆடி மாசமே டாக்டர்கிட்ட காட்டி டெஸ்ட் எடுத்தாச்சு." ஆடியா, இப்போது ஐப்பசி. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று அதட்டினேன், அதட்டத்தான் வந்தது எனக்கு. "அம்மாதான் வேணாம்னுச்சு. உங்க நைனா இத்தினி வருசம் கழிச்சி இப்பதான் கூப்ட்டு பக்கத்துல ஒக்கார வெக்குது, கேக்கலன்னு சொன்னா கூப்புடறத உட்டுடும், அப்டின்னு சொல்லி அழுதுச்சு." இதைச் சொல்லிவிட்டுக் கிளாஸைக் கழுவப் போய்விட்டாள். எனக்கு முதலில் தோன்றியது என்ன? அப்படியானால் வேண்டுமென்று சத்தம் போடவில்லை, என் குருவிகளின் மேல் இருக்கிற பொறாமையில் பாத்திரத்தை உருட்டவில்லை, அப்பாடா என்று. அப்பாடா என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றுமா? தோன்றியதே.

எப்போது ஆரம்பித்திருக்கும்? அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினாலு வருஷம் டப்பா மூடி அடிக்கிற ஒரு பிரெஸ் ஷாப்பில் மெஷின் முன்னால் நின்றாள், தகடு வைத்தால் டம் என்று இறங்கும், மூடி விழும், மறுபடி தகடு, மறுபடி டம், நாளெல்லாம். வீட்டுக்கு வந்து, "காதுக்குள்ள இன்னும் மெசினு ஓடிகினே கீதுய்யா" என்று தலையைச் சாய்த்துத் தட்டிக்கொள்வாள், நான் பேப்பர் படித்துக்கொண்டே, பஞ்சு வெச்சிகினு போ என்பேன், அவ்வளவுதான் நான் பார்த்த வைத்தியம். அப்போதெல்லாம் உரக்கப் பேசுவாள். மெதுவா பேசு, தெருவுக்கே கேக்குது, நாலு பேரு இன்னா நெனப்பாங்க என்று சொல்லிச் சொல்லி அவள் குரலை நான்தான் இறக்கினேன். தனக்கே கேட்காத அளவுக்கு இறக்கிக்கொண்டாளோ? இந்த ஒரு வருஷமாக போன் அடித்தால் மகளிடம் நீட்டுகிறாள். குக்கர் வைத்தால் அடுப்பை விட்டு நகராமல் ஆவியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். டிவியில் சீரியலை விட்டுவிட்டு, கீழே எழுத்து ஓடுகிற செய்தியை எழுத்துக்கூட்டிப் பார்க்கிறாள். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதே ஒரு வருஷத்தில், எலுமிச்சை இலையைத் தைத்துக் கூடு கட்டிய தையல்சிட்டு ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை புழு கொண்டுவருகிறது என்று ஜேம்ஸுக்குப் போன் போட்டுச் சொன்னவன் நான்.

கதவு திறக்கிறது. அவள்தான், பாத்திரங்களை இடுப்பில் சாய்த்துக்கொண்டு வருகிறாள். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தோளில் கிடந்த பழைய துண்டை எடுத்துக் கல்லின்மேல் நான்காக மடித்துப் போடுகிறாள். எதற்கு என்று எனக்கு ஒரு விநாடி புரியவில்லை. அப்புறம் குண்டானை எடுத்து, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி அந்தத் துண்டின்மேல் வைக்கிறாள், வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அடுத்து கரண்டி, வைத்துவிட்டு என் முகம். அடுத்து தட்டு, என் முகம். சத்தம் வந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியாதே, என் முகத்தில்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்... நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. திரும்பிக்கொண்டால் கோபம் என்று நினைப்பாள். அப்படியே கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

காலி மனையிலிருந்து இரண்டு விசில், ஆறு மணி. நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை, கேளு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் வேலிக்கடியில் அது வெளியே வந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். கையில் சொம்போடு அப்படியே நின்றாள், மோவாயால் எனக்குக் காட்டினாள். பின்னால் குழாய் திறந்து கிடக்கிறது, பக்கெட் நிரம்பி வழிகிறது, தண்ணீர் சலசலவென்று அவள் பாதத்தின் மேலேயே ஓடுகிறது, அவள் அசையவில்லை, எங்கே அசைந்தால் ஓடிவிடுமோ என்று அந்த ஈரத்திலேயே நிற்கிறாள், வாயெல்லாம் சிரிப்பு. குருவி சருகைப் புரட்டியது, நிமிர்ந்தது, குங்குமம் தெரிந்தது. நான் பைனாகுலரை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது, ஒரு முறை எழும்பி வேலிக்கு அப்பால் போய்விட்டது. அவள் குழாயை மூடினாள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள், என் வலது பக்கம், முழுசாகத் திரும்பினாள். அப்படித் திரும்பினால்தான் அந்த வலது காது என் பக்கம் வரும். ஒரு வருஷமாக நான் ஒருநாளாவது இந்த நாற்காலியை மாற்றிப் போட்டிருக்கலாம்.

"பார்வதம்" என்றேன். என் வாயைப் பார்த்தாள். "நேத்து நான் அப்டி கத்தியிருக்கக் கூடாது." அந்தச் சொற்கள் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் நெற்றியைச் சுருக்கி, காதை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தாள்.

"இன்னாய்யா? சத்தமா சொல்லு, குருவிதான் பூட்ச்சே."

சத்தமாகச் சொல்லலாம். வாயைத் திறந்தேன். திறந்தபடியே மதில் பக்கம் பார்த்தேன், அடுத்த வீட்டுத் துலுக்கானம் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தான், மாடியில் யாரோ துணி உதறுகிற சத்தம், தெருவில் பால்காரன் வண்டி நிற்கிறது. நேற்று, அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால், சுற்றி யார் இருக்கிறார்கள் என்று நான் பார்த்தேனா? இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றார்களே... துலுக்கானம் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போகட்டும் என்று காத்திருந்தேன். அவன் மறுபடி பிரஷ்ஷை வாயில் வைத்தான். பார்வதம் என் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.