மாமனாரின் வாரிசு

தையல்காரருக்கு மாமனார் இரண்டு பேர். ஒருவர் பெண்ணைக் கொடுத்தவர், காலமாகிவிட்டார். மற்றவர் கொல்லைப்புறக் கூண்டில் இருந்தார். பெண்ணைக் கொடுத்தவர் ஆயுள் முழுக்கக் கலப்பு விழாமல் காப்பாற்றி, மகளிடம் விட்டுப்போன கோழி வம்சத்தின் கடைசிச் சேவல் அது. கருஞ்சிவப்பு உடம்பு, வாள் போல் நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை, யாரையும் மதிக்காத நடை. அந்த நடையைப் பார்த்துத்தான் தையல்காரர் அதற்கு மாமனார் என்று பெயர் வைத்தார். மனைவி முதலில் முறைத்தாள். பிறகு அவளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள்.

மற்ற விஷயங்களில் அவள் தங்கமான பெண். கோழி விஷயத்தில் மட்டும் படு கறார். கொண்டை சற்றே மடங்கிப் பிறந்தாலும் அந்தக் குஞ்சு யாருக்காவது தானமாகப் போய்விடும், வம்சத்தில் சேராது.

போன மழையில் வந்த கழிச்சல் நோய் மற்ற சேவல்களை வாரிக்கொண்டு போனது. மிஞ்சியது மாமனாரும் நான்கு பெட்டைகளும்தான். மாமனாருக்கோ வயதாகிவிட்டது. இன்குபேட்டரில் வைத்த முட்டைகளை ஒரு வாரம் கழித்து அவள் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒன்றில்கூடக் கரு இல்லை. மறுமுறை வைத்ததும் அதே கதைதான்.

"எங்கப்பா இத்தனை வருஷம் காப்பாத்தினதை நான் தொலைச்சிட்டேங்க" என்று சொல்லி, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பெண்டாட்டி அழுதால் தையல்காரருக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க வராது. அவள் தீவனம் வாங்கப் போன நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு பேக்கரிக்காரரின் சேவலைத் தூக்கிக்கொண்டு வந்து, மாமனாரைக் கூடையால் மூடிவிட்டு, பெட்டைகளோடு கூண்டில் விட்டார். அந்த வாரத்திலேயே மூன்று தடவை விட்டார். அது நல்ல வாட்டசாட்டமான சேவல். கொண்டைதான் சப்பை, தலையில் பணியாரத்தை அப்பி வைத்த மாதிரி இருக்கும். கரு பிடித்தால் அவள் முகம் தெளியும் என்பதோடு அவர் யோசனை நின்றுபோனது. குஞ்சுக்குத் தலை என்று ஒன்று இருக்கும், அதில் கொண்டை என்று ஒன்று இருக்கும் என்பதெல்லாம் அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் முறை டார்ச் வெளிச்சத்தில் செந்நரம்புகள் தெரிந்தன. அவள் போட்ட கூச்சலில் தையல் மெஷினில் இருந்தவர் துள்ளி எழுந்தார்.

"பாருங்க! பாருங்களேன்! மாமனாரு சாமானியப்பட்டவர் இல்லைங்க!"

அவர் பார்த்தார். அப்போதுதான் அவருக்குக் கொண்டை ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவருடைய சட்டைக்கு இன்னொருவருடைய கையை வைத்துத் தைத்துத் திட்டு வாங்கினார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் ஏதாவது சந்தோஷமாகச் சொல்வாள், வாய் மூடிக்கொள்ளும். மாமனாரும் அதே கூண்டில்தானே இருந்தார், ஒன்றிரண்டாவது அவருடையதாக இருக்கக் கூடாதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். இதற்கிடையில் மாமனார் ஒரு நாள் காலையில் தலை சாய்ந்து கிடந்தார். அவள் அழுதாள், ஆனால் இடிந்துபோகவில்லை. "போகட்டுங்க. நம்ம கையில வாரிசைக் கொடுத்துட்டுத்தானே போயிருக்காரு" என்றாள். தையல்காரருக்குக் குழிக்குள் தானும் இறங்கிவிடலாமா என்றிருந்தது.

முட்டைகள் பொரிய ஒரு நாள் இருக்கும்போது போன் வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், ரயில்வே அண்ணன் என்று அவள் கூப்பிடுகிறவர், போன வருஷம் அவளிடம் பொரிக்க முட்டை வாங்கிப்போனவர். மகள் வீட்டு மாடிக்குக் குடிபோகிறாராம், அங்கே கோழி வளர்க்க முடியாதாம். அவளுடைய வம்சத்துச் சேவல் ஒன்று, இளசு, அவரிடம் இருக்கிறது. வேண்டுமா? இல்லையென்றால் சாயங்காலம் கறிக்கடைக்காரர் வந்து பிடித்துக்கொண்டு போவார்.

"வேண்டாம்ணே. எங்க மாமனாருக்கே வாரிசு வருது. நாளைக்குப் பொரிஞ்சிடும்" என்று சிரித்தபடி போனை வைத்தாள்.

தையல்காரர் பாதித் துணியில் வெட்டுவதை நிறுத்தினார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அதை வாங்கிக்கலாம்மா" என்றார்.

"எதுக்கு? இருக்கிற இடத்துல ரெண்டு சேவல் வந்தா அடிச்சுக்கும்."

"இருக்கட்டுமே. ஒரு பாதுகாப்புக்கு."

"உங்களுக்கு என்ன ஆச்சு? கொஞ்ச நாளாவே நல்லா இல்லை. டாக்டர்கிட்டப் போலாமா?" என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தக் கை பட்டதும் அவரால் தாங்க முடியவில்லை. பேக்கரிக்காரர் சேவல், தீவனம் வாங்கப் போன நேரம், மூன்று தடவை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "நீ அழுதே. எனக்கு வேற வழி தெரியலைம்மா."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

"கடைசியா என்னைக்கு விட்டீங்க?"

சொன்னார்.

"நாலு பெட்டையும் உள்ளேதான் இருந்துச்சா?"

"ஆமா."

"ஒரு தடவை சேர்ந்தா மூணு வாரம் வரைக்கும் அதோட வித்து பெட்டைகிட்ட தங்கும். அந்த முட்டை எதையும் நம்ம வம்சம்னு நம்ப முடியாது. இது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் தெரியாது. அவள் போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். அவரும் எழுந்தார்.

"நீங்க வரவேண்டாம். ராத்திரியே கூட ஓடு உடைய ஆரம்பிக்கும். உங்க குஞ்சுங்க, நீங்களே பார்த்துக்கோங்க."

இருட்டியும் அவள் வரவில்லை, போனும் இல்லை. ரயில்வே அண்ணன் ஊர் தூரம்தான். கறிக்கடைக்காரர் முந்திக்கொண்டிருந்தால்? இவள் ஆத்திரத்தில் வண்டியை எங்காவது விட்டுவிட்டால்? தையல்காரர் வாசலுக்கும் இன்குபேட்டருக்கும் நடந்துகொண்டே இருந்தார். முட்டைகள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டன. ஈரக் குஞ்சு ஒன்று வெளியே விழுந்து மூச்சு வாங்கியது. பட்டன் துளை தைக்கும்போது போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சப்பை. அடுத்ததும் சப்பை. கடைசிக் குஞ்சுக்காக விடியும்வரை காத்திருந்தார். அதுவும் சப்பைதான். ஆனால் எல்லாம் உயிரோடு, உரக்கக் கத்திக்கொண்டு, யார் மீதும் கோபமில்லாமல் இருந்தன.

விடிந்தபின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தையல்காரர் ஓடினார். பின்சீட்டில் கட்டிய கூடைக்குள் நிமிர்ந்த கொண்டை தெரிந்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கிடைச்சிடுச்சா! கறிக்கடை வரைக்கும் போக வேண்டியதாப் போச்சா?"

"கடை வாசல்லேயே உக்காந்திருந்து, காலையில திறந்ததும் வாங்கினேன்."

"குஞ்சு எல்லாம் பொரிஞ்சிடுச்சு. வந்து பாரேன்."

"அப்புறம்" என்றாள். குரலில் கோபம் இல்லை, வேறு எதுவும்கூட இல்லை. சேவலைத் தனிக் கூண்டில் விட்டாள். ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்தாள். கூண்டுக் கதவில் மாட்டிப் பூட்டி, இரண்டு சாவிகளையும் தன் பர்சுக்குள் போட்டுக்கொண்டாள்.