பிறக்காதவர்களின் கையெழுத்து

ஏரி சீக்கிரமே உறைந்துபோன வருடமா, அதற்கு அடுத்த வருடமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பல்காஷ் ஏரிக்கரையில் இருந்த பதிவு அலுவலகத்துக்கு, இன்னும் பிறக்காத ஆறு பேர் கையெழுத்துப் போட வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தவள் பதிவாளர் கம்ஷாத்.

அந்த ஊர்க்காரி உல்போசினின் இரண்டு மகன்களும் தாய்வழி வந்த ரத்த நோயால் ஆறு வயதைத் தாண்டவில்லை. மூன்றாவதைக் கருவிலேயே மரபணுவைத் திருத்திப் பெற்றுக்கொள்ள அவள் மனுப் போட்டாள். சட்டம் தடுக்கவில்லை, சந்ததிக்கும் போய்ச் சேரும் திருத்தத்துக்கு ஏழு தலைமுறையின் ஒப்புதல் வேண்டும் என்று மட்டும் சொன்னது. ஏழு தலைமுறைத் தகப்பன்மாரின் பெயர் சொல்லத் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்காதவர்கள் எழுதிய சட்டம் அது. முன்னோரா, பின்னோரா என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. உல்போசின் ஏழு முன்னோரின் பெயர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். தலைநகரிலிருந்து பதில் வந்தது: திருத்தம் இறந்தவர்களைத் தொடாது, வரப்போகிறவர்களிடம் ஒப்புதல் வாங்கி அனுப்பவும். மறுப்பதற்கு அவர்கள் கண்டுபிடித்த மரியாதையான வழி அது என்று கம்ஷாத்துக்குப் புரிந்தது. இருந்தும் நிலத் தகராறுகளுக்குச் செய்வதுபோல, சம்பந்தப்பட்டவர்கள் நேரில் வரவும் என்று கதவில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டினாள்.

முப்பதாம் நாள், தலைமுறைக்கு ஒருவராக வந்தார்கள். முதலில் நுழைந்த கிழவர் காலணிப் பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"யாருங்கய்யா நீங்க?" என்றாள் உல்போசின்.

"உன் மகன்மா. அறுபத்திரெண்டு ஆகுது."

நாற்பதைத் தொடாத அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கு அப்பா மாதிரி இருக்க, புத்தி வேணாம்? இந்தக் குளிர்ல தொப்பி இல்லாமலா வருவ?"

ஆறு கையெழுத்துகள் விழுந்தன. ஏழாவது நாற்காலி காலியாக இருந்தது. ஆறாம் தலைமுறைக்காரியான இளம்பெண்ணிடம் கம்ஷாத் கேட்டாள்: "உன் பிள்ளை எங்கம்மா?"

"பின்னாடியே நடந்து வந்துச்சுக்கா. வாசல்ல நின்னுடுச்சு."

கம்ஷாத் கதவைத் திறந்தாள். பனியில் சின்னக் காலடிகள் படிவரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். விளக்கு ஏற்றும் நேரம்வரை கதவைத் திறந்தே வைத்திருந்தாள். அறையில் எல்லாருடைய தேநீரும் ஆறிப்போயிற்று.

"சின்னப் பிள்ளைதானேக்கா, கூச்சப்படுது," என்றாள் உல்போசின். "நீங்களே போட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

கம்ஷாத் பேனாவைக் காகிதத்துக்கு மேலே வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய நிக்கிற பிள்ளைக்குத் தெரியுமேம்மா," என்றார் மகன். "வர மனசில்லாத பிள்ளைய இழுக்காத. விட்டுடு."

அப்படி விட்டால் தானும் பிறக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. கம்ஷாத் எழுதினாள்: ஏழாமவர் வந்தார், உள்ளே வரவில்லை.

வசந்தத்தில் மனு தள்ளுபடியானது. இனிப் பிறக்கப்போவதில்லை என்று முடிவானபின், அந்த ஆறு பேருக்கும் திரும்பிப் போக இடமில்லை. ஐந்து பேருக்குச் செப்பு உருக்காலையில் வேலை கிடைத்தது. இளம்பெண் அங்கேயே ஓர் ஓட்டுநரை மணந்தாள், குழந்தை இல்லை. சட்டத்தில் 'ஏழு தலைமுறை'க்கு முன்னால் 'இனி வரும்' என்று இரண்டு சொற்கள் சேர்த்தார்கள். கம்ஷாத் ஓய்வுபெற்றுத் தராஸ் நகரில் செத்தாள். கடைசிவரை எந்தக் கதவில் நுழைந்தாலும் பின்னால் யாரோ வருவதுபோல அதைச் சற்றுப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். மகன் உல்போசினோடு பதினோரு வருடம் இருந்து, அவளுக்கு முன்னால் போனார். அவர் கல்லறைக் கல்லில் இறந்த வருடம் மட்டும் இருக்கிறது.