ஆல்டர்விக் ஊரின் தராசு

1664ஆம் ஆண்டு அறுவடைக்குப் பிறகு, எங்கள் ஆல்டர்விக் ஊரின் கம்பளி நிறுக்கும் தராசில், பீர் காய்ச்சும் விதவை தாமசின் கெட்ஜ் தேவாலயத்துப் பைபிளைவிட எடை குறைந்தவள் என்று தெரியவந்தது. பைபிள் பன்னிரண்டு பவுண்டு. தாமசினோ நிறைந்த பீப்பாயைத் தனியாக உருட்டுகிறவள்.

எடைபோடச் சொன்னவர் மருத்துவர் ஆம்ப்ரோஸ் பெல் என்பதுதான் கொடுமை. சூனியம் என்று எதுவுமே இல்லை என்று புத்தகம் எழுதி, பாதிரியாரோடு ஒன்பது ஆண்டுகள் வாதாடியவர் அவர். தாமசினின் பக்கத்து வீட்டுக்காரி பிரிட்ஜெட் வீட்டில் நான்கு நாள் கடைந்தும் வெண்ணெய் திரளவில்லை. தாமசின்தான் சூனியம் வைத்தாள் என்று அவள் பழி போட்டாள். அவளைக் கட்டிக் குளத்தில் போட ஊர் கிளம்பியபோது பெல் குறுக்கே நின்று, பழைய வழக்கத்தை நினைவூட்டினார்: சூனியக்காரி என்றால் பைபிளைவிட லேசாக இருக்க வேண்டும், கனமாக இருந்தால் விட்டுவிட வேண்டும். நீதிபதி ஒப்புக்கொண்டார்.

"பயப்படாதம்மா, ஒரு புத்தகம் உன்னத் தூக்கிடுமா?" என்றார் பெல்.

"நான் குண்டா இருக்கறதுக்கு இன்னிக்குத்தான் சந்தோஷப்படறேன், வைத்தியரே," என்று சிரித்தபடி அவள் ஏறினாள்.

எதிர்த்தட்டில் பைபிள் இருக்க, அவள் இருந்த தட்டு மேலே போனது. பெல் அதை இரண்டு கையாலும் அழுத்தினார்; விட்டதும் மறுபடி மேலே போனது.

"ஐயையோ, நான் கோவத்துலதானே சொன்னேன்!" என்று அலறியவள் பிரிட்ஜெட்தான்.

நீதிபதி கயிறு கேட்டார். பெல், தராசில்தான் கோளாறு என்று காட்டத் தானே ஏறி உட்கார்ந்தார். அவரும் மேலே போனார். கம்பளி மூட்டையை வைத்தார்கள். தராசு சரியாகக் காட்டியது. பைபிளை இறக்கிப் பார்த்தார்கள். தேவாலயத்து எடுபிடிப் பையன் ஒற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த அதே புத்தகம்தான். விசுவாசியின் எடையைப் பாருங்கள் என்று ஏறிய பாதிரியார் எல்லோரையும்விட வேகமாக மேலே போனார். ஒரு செருப்பு கீழே விழுந்தது. பொழுது சாய்வதற்குள் நீதிபதி உட்பட ஊரிலிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஏறி இறங்கினார்கள். ஒருவர்கூடத் தட்டைக் கீழே இறக்கவில்லை.

"இப்ப யாரு யாரத் தூக்குல போடறது, துரை?" என்று தாமசின் நீதிபதியைக் கேட்டாள். "கயிறு இறுகறதுக்காவது கனம் வேணாமா?"

அவர் கயிற்றைச் சுருட்டினார்.

அதன்பின் பெல்லும் பாதிரியாரும் வாதாடவில்லை. காற்றடிக்கும் நாளில் நாங்கள் பையில் கல் போட்டுக்கொண்டு வெளியே போகிறோம். மறந்து வருபவர்களுக்காகத் தாமசின் தன் கடைவாசலில் ஒரு கூடைக் கல் வைத்திருக்கிறாள். காற்று நின்றதும் கல்லைக் கூடையில் திருப்பிப் போட்டுவிட வேண்டும். பிரிட்ஜெட் மட்டும் எடுத்த கல்லைத் திருப்பிப் போடுவதில்லை. அவள் வீட்டில் வெண்ணெய் இன்னும் திரளவில்லை.