நாற்பது நாள் நெய்த பட்டு

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சீன வரலாறு ஆராய்ந்துகொண்டிருந்த ஜலஜாவுடன், ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு விண்ணப்பம் நான்கு வருடமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. சீனத்தின் மேற்குக் கோடியில், பாலைவனத்தை ஒட்டிய லியாங்சோவின் ஆளுநருக்கு ஓர் அதிகாரி எழுதியது. அங்கே காசுப் புழக்கம் நின்று, பட்டே பணமாகியிருந்தது. சின்னச் சாமானுக்கும் துணியைத் துண்டு போட்டார்கள். 'துணியும் பாழ், வியாபாரமும் சிரமம். செப்புக் காசு திரும்ப வரட்டும்' என்றார் அதிகாரி. நாடு முழுக்கக் காசைத் திரும்பக் கேட்டதற்கும் இதே காரணம்தான் என்று ஜலஜா ஆய்வேட்டை எழுதிவிட்டாள். முடிவுரை மட்டும் பாக்கி. மே மாதம் கொடுத்துவிட்டால், கணவன் சந்தானத்துக்குக் கிடைத்திருந்த வேலைக்காக இருவரும் வேறு மாநிலத்திலிருக்கும் பிளானோவுக்குப் போய்விடலாம்.

இரண்டாயிரம், பிப்ரவரி. ஒரு சாயங்காலம் ரயிலில் வீடு திரும்பும்போது, ஹேவர்டு தாண்டியதும் மழையில் பச்சை பிடித்திருந்த குன்றுகளைப் பார்த்தபடியே கண் அயர்ந்தாள்.

குன்றுகள் மெல்ல மணல் நிறமாயின. ஒட்டகங்கள் சத்தமில்லாமல் நடக்கும் ஒரு சந்தை. ஒருத்தி பட்டைச் சுருள் பிரித்து, உப்புக்கு ஒரு துண்டு, எண்ணெய்க்கு ஒரு துண்டு என்று நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாள் நெய்ஞ்சீங்க?" என்று ஜலஜா தமிழில் கேட்டாள்.

"நாப்பது நாள்," என்று அவளும் தமிழிலேயே சொல்லி, கடைசித் துண்டை ஜலஜாவின் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு கைக்குழந்தைச் சட்டைக்குக்கூட அது காணாது. வெயிலில் கிடந்த கல் மாதிரிக் கதகதவென்றிருந்தது.

விழித்தபோது வண்டி கடைசி நிறுத்தமான ஃப்ரீமான்ட்டில் கதவு திறந்து நின்றிருந்தது. பெட்டியில் வேறு யாரும் இல்லை.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் விண்ணப்பத்தை எடுத்தாள். 'பெண்களின் உழைப்பு வீணாகிறது' என்று அதில் அரை வரி இருந்தது. அவளே அதை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டிருந்தாள். மேற்கில் உடுத்த நெய்த நல்ல துணி துண்டு துண்டாகியிருக்கிறது. அதற்கு முந்தைய நூற்றாண்டிலோ, தலைநகர்ப் பக்கத்தில் கொடுக்கல் வாங்கலில் ஏமாற்றுவதற்கென்றே மெல்லிய பட்டு நெய்ததாக இன்னொரு பழைய குறிப்பு. இரண்டு இடத்திலும் மருந்து காசுதான். நோய்தான் வேறு.

"திரும்ப எழுதணும்," என்றாள் சந்தானத்திடம். "டிசம்பர் ஆயிடும்."

அவன் சாதத்தைப் பிசைந்தபடி இருந்தான். "ஒரு கனவுக்காகவா, ஜலஜா?"

"கனவுக்காக இல்லீங்க. கண்ணு முன்னால இருந்ததை நான் பார்க்கல."

அவன் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தான். பிறகு, "நான் முன்னாடி போய் அபார்ட்மென்ட் பார்க்கறேன். நீ முடிச்சிட்டு வா," என்றான். கோபம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஜூனில் காரில் சாமான் ஏற்றும்போது, அவளுடைய அகராதிகளை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

டிசம்பர் இரண்டாம் வாரம் ஆய்வேட்டைச் சரிபார்க்கும் பேராசிரியர்கள் மூவரும் அதில் கையெழுத்திட்டார்கள். பிளானோவுக்கு அவள் போய் இறங்கிய அன்று சுங்கச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டே சந்தானம் கேட்டான்:

"கடைசில என்ன முடிவு பண்ணே? காசா, துணியா?"

"எந்த ஊர்லன்னு முதல்ல சொல்லுங்க."

அவன் சிரித்துவிட்டான். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவள் பக்கத்தில் இருந்து கேட்டாள்.