மங்கலாகத் தெரிந்த தேதி

என் தம்பி எபி ராணுவத்தில் சேருவதற்கு முன்பே எங்கள் வீடு போர்க்களமாகிவிட்டது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஏர்கன் ஒன்றை வாங்கி வந்தான். குண்டு கிடையாது. ஹாலில் குப்புறப் படுத்து, குழல் நுனியில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, எதிர்ச் சுவரில் தொங்கும் தினக் காலண்டரின் தேதியைக் குறிபார்த்து விசையை இழுப்பான். காசு விழக்கூடாது, அதுதான் பயிற்சி. யாரும் குறுக்கே போகவும் கூடாது. அம்மா சமையலறையிலிருந்து சுவரோரமாகப் பதுங்கித்தான் வருவாள்.

எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறிவிட்டான். திங்கட்கிழமை மெடிக்கல் மட்டும் பாக்கி. இதை விட்டால் வயது தாண்டிவிடும்.

சனிக்கிழமை காலை அவன் தண்ணீர் குடிக்கப் போனபோது, குறும்புக்குக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தேன். திரும்பி வந்து படுத்து இடது கண்ணை மூடினான்.

"எத்தனாம் தேதியடா சுடுற?"

"பதினாலு. கரெக்டா நடுவுல நிக்குதுக்கா."

"பதினஞ்சுடா, பொட்டக்கண்ணா!"

சிரித்தேன். அவன் இடது கண்ணைத் திறந்து பார்த்தான். மறுபடி மூடினான்.

"அக்கா, இந்தக் கண்ணுல நம்பரே தெரியல. வெறும் கறுப்புத் திட்டாத்தான் தெரியுது."

"இவ்வளவு நாளா என்னத்தடா பார்த்த?"

"குறிபார்க்கக் குழல் நுனியில இருக்கிற முள்ளுதான் தெளிவா தெரியணும், டார்கெட் மங்கலாத்தான் இருக்கணும்னு வீடியோல சொன்னாங்க. எனக்கு நல்லா வந்துடுச்சுனு நெனச்சேன்."

மதியமே கிழக்குத் தாம்பரத்தில் கண் டாக்டரிடம் போனோம். சிறுவயதிலிருந்தே இடது கண்தான் இரண்டுக்குமாகப் பார்த்திருக்கிறது என்றார். வலது கண்ணுக்குக் கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராது, ராணுவத்தில் எடுக்க மாட்டார்கள். சின்ன வயதிலேயே கவனித்திருக்க வேண்டுமாம். அம்மா பஸ்ஸில் அவன் வலது கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாழாய்ப்போன கை, அந்தத் தாளைக் கிழிக்காமல் இருந்திருக்கலாம். திங்கட்கிழமை வரையாவது பிள்ளை சந்தோஷமாக இருந்திருப்பான். சர்ச்சில் ஞாயிறு ஆராதனையில் அவனுக்காக ஜெபிக்கச் சொல்லிப் பெயர் கொடுத்திருந்தாள் அம்மா. வேண்டாமென்று போன் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

சாயங்காலம் எபி துப்பாக்கியைப் பரண்மேல் போட்டுவிட்டு, அதே இடத்தில் வெறுந்தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தான். அம்மா காபியோடு வந்தாள். பழக்கதோஷம், சுவரை ஒட்டியே நடந்தாள்.

"நடுவுலயே வாம்மா," என்றான் எபி. "இனிமே எதுக்கு ஒதுங்குற?"