வர்றது தனிங்க

ஷோரூமில் பால் காய்ச்சி முடித்ததும் ஆப்ஷன் கேட்க ஆரம்பித்தார்கள்.

இது எல்லா இடத்திலும் உள்ள நடைமுறைதான். கார் வாங்குகிறவர்கள் எல்லா ஆப்ஷனும் முடிவாகும்வரை ஷோரூமிலேயே குடியிருக்க வேண்டும். மாசிலாமணியும் அவன் மனைவி கமலவேணியும் காலையிலேயே அவிநாசி ரோட்டுக்கு வந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளி, வலது காலை எடுத்து வைத்து உள்ளே நுழைந்தார்கள். அவர்களுடைய பழைய மொபெட்டை எக்ஸ்சேஞ்சில் வாங்கிக்கொண்டு ஸ்டவ்வும் பாத்திரமும் கொடுத்தார்கள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. வேலை பார்க்கிறவர்கள் கைதட்டிவிட்டு ஆளுக்கு அரை டம்ளர் குடித்துவிட்டுப் போனார்கள்.

கார் நடுவில் நின்றது. மேலே துணி போர்த்தியிருந்தது. ஆப்ஷன் முடியாமல் பார்க்கக் கூடாதாம். துணிக்குள் அது அவ்வப்போது புரண்டு படுத்தது.

மாசிலாமணிக்குச் சிங்காநல்லூரில் லேத்துப் பட்டறை. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. ஸ்போர்ட்ஸ் காருக்கும் அவனுக்கும் எந்த ஒட்டு உறவும் கிடையாது. ஆனால் கல்யாணமான புதிதில் ஒருநாள், ஒரு சிக்னலில், அவன் மொபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த கமலவேணி குனிந்து பார்த்து, "இதுக்குள்ள பொம்பளைங்க எப்புடீங்க உக்காருவாங்க?" என்றாள்.

"உன்னையவே ஒருநாளைக்கு உக்கார வெச்சுக் காட்டறேன்" என்றான் மாசிலாமணி. யாராவது கேட்டார்களா? வாய் சும்மா இருக்கவில்லை. அன்றைக்குச் சொன்ன சொல் இருபது வருஷமாகத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அந்த முள்ளை எடுக்கத்தான் இந்தக் கார்.

ஆப்ஷன் கேட்க வந்தவன் பெயர் பூபதி. டை கட்டியிருந்தான். மரியாதை கொடுப்பதில் ஊரையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவான்.

"ஆட்டோமேட்டிக்குங்களா, மேனுவலுங்களாண்ணா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஆட்டோமேட்டிக்னா அதுவே முடிவு பண்ணிக்குமுங்க."

"என்னத்த?"

"எல்லாத்தையுமுங்க."

"மேனுவல்" என்றான் மாசிலாமணி. இத்தனை வயதில் ஒன்றையாவது தானே முடிவு செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆசைப்பட்டதை வாய்விட்டுச் சொன்னதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவன் சொல்லி வாய் மூடியதும் ஷோரூம் ஒரு கார் நீளம் வளர்ந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

"கை பிரேக்கு வேணுமுங்களாண்ணா?"

"வேணும்."

"யாரு கைங்க?"

மாசிலாமணி தன் கையைப் பார்த்தான். "என் கைதான்."

"ரெண்டுமுங்களா?"

"ஒண்ணு போதும்."

"நல்லதுங்க. ரெண்டையும் குடுத்தவங்க சோத்துக்குக் கஷ்டப்படறாங்க."

ஷோரூம் இன்னொரு கார் நீளம் வளர்ந்தது.

"கிளட்ச்சு வண்டிலயே இருக்கோணுங்களா, பக்கத்து வீட்டுல வெச்சரலாமுங்களா?"

"பக்கத்து வீட்டுல எதுக்கு வெக்கோணும்?"

"நீங்க கியர் மாத்தறப்ப அவுங்க மிதிப்பாங்க. உங்களுக்குக் கால் வலி மிச்சமுங்க."

பக்கத்து வீட்டு நாச்சிமுத்துவோடு மாசிலாமணிக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. சாக்கடைத் தண்ணீர் விவகாரம். அந்த ஆள் வேண்டுமென்றே மிதிக்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். கிளட்ச் வண்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான்.

ஹாரனுக்குத் தனி அறை. உள்ளே போனால் சுவரெல்லாம் ஹாரன். ஆனால் எதுவும் பாம்பாம் என்று அடிக்கவில்லை. ஆம்பளைகள் வீட்டுக்குள் நுழையும்போது தொண்டையைக் கனைப்பார்களே, அந்தக் கனைப்புகள். பூபதி ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினான். ஏழெட்டுக் கனைப்பு தாண்டியதும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கமலவேணி விருட்டென்று எழுந்து நின்று முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அது அவள் அப்பாவுடைய கனைப்பு. அவர் செத்துப் பல வருஷம் ஆகிறது.

"இதயே போட்டுக்கலாமுங்க" என்றாள். 

மாசிலாமணிக்கு மாமனார் என்றால் இன்றைக்கும் கொஞ்சம் பயம். ரோட்டில் போகிற லாரிக்காரன் எல்லாம் அவருக்கு எழுந்து நிற்பானோ என்று யோசித்தான். சரி என்று சொல்லிவிட்டான்.

வெளியே வந்தபோது ஷோரூம் கல்யாண மண்டபத்தைவிடப் பெரிதாகியிருந்தது. வாசல் எங்கோ ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தெரிந்தது.

"இனி ஒண்ணே ஒண்ணுதானுங்க" என்றான் பூபதி. "போறது கம்பெனியிலயே குடுத்தர்றாங்க. ஆறு கியருமே போறதுதான். வர்றது தனிங்க."

"ரிவர்ஸா?"

"ரிவர்ஸ் இருக்குதுங்க. அது பின்னால போறது. நான் சொல்றது வர்றதுங்க."

மாசிலாமணி கமலவேணியைப் பார்த்தான். கமலவேணி அவனைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

"போன வண்டியத் திருப்புனா வரப்போகுது. அதுக்கெதுக்குத் தனியா?"

"திருப்புனாலும் அது போறதுதானுங்ணா. உங்க வீட்டுக்கே போவீங்க. ஆனா வர மாட்டீங்க."

"வீட்டுக்குப் போனா வந்த மாதிரிதான?"

பூபதி சோபாவைக் காட்டினான். அங்கே ஒருவர் சலவைச் சட்டை போட்டு, மடியில் ஒரு பை ஆப்பிளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன வருஷம் இதே கார் வாங்கியவராம். பெயர் குப்புராஜ்.

"வர்றது போடாம எடுத்தனுங்க" என்றார் குப்புராஜ். "நேரா வீட்டுக்குப் போனேன். நல்லாக் கவனிச்சாங்க. புது டம்ளர்ல காப்பி குடுத்தாங்க. ஃபேன் போட்டு விட்டாங்க. கெளம்பறப்ப என்ற சம்சாரம் கேட் வரைக்கும் வந்து, இன்னொரு நாளைக்குக் குடும்பத்தோட வாங்கன்னு சொல்லுச்சு."

"அப்பறம்?"

"மறுநாளும் போனனுங்க. ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன். சொந்த வீடாவே இருந்தாலும் வெறுங்கையோட போக முடியுங்களா?"

மாசிலாமணி பூபதியைத் தனியே இழுத்துப் போய்க் கேட்டான்.

"அவரு இங்க வந்திருக்காரே. அப்ப வர முடியுதுல்ல?"

"வர்லீங்ணா. இங்க போயிருக்காரு."

"சரி, நீ வர்றதையும் போட்டு விட்ரு."

"போட்டரலாமுங்க. ஆனா அது பக்கத்து சீட்டு இருக்கற எடத்துலதான் மாட்டோணும். ரெண்டுக்கும் எடம் பத்தாதுங்க. ஒண்ணு அக்காவுக்கு சீட்டு. இல்லாட்டி உங்களுக்கு வர்றது."

"அப்பறமா மாட்டிக்கலாமா?"

"அதுக்கு இங்க வரோணுமுங்களே."

"காரே வேண்டாம்னா?"

"பால் காய்ச்சிட்டீங்ணா" என்றான் பூபதி, வருத்தத்தோடு. "அதுவுமில்லாம உங்களோட வர்றது அந்த மொபெட்டுல இருந்துச்சுங்க. அதத்தான் எக்ஸ்சேஞ்சுல எடுத்துட்டமுங்களே."

லேத்தில் ஒரு ஷாஃப்ட் சரியாக வராவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கம்பி மாட்டலாம். இங்கே எதைத் தூக்கிப் போடுவது என்று மாசிலாமணிக்குத் தெரியவில்லை. இருக்கிறவை இரண்டு. ஒன்று, அவன் மட்டும் காரில் போவான், வருவான், அவள் வீட்டில் இருப்பாள். இன்னொன்று, இரண்டு பேரும் போவார்கள். அவ்வளவுதான்.

கமலவேணி பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்க வர்றதையே போட்டுக்குங்க. நான் வீட்டுல இருந்துக்கறேன். இத்தன வருசமா இருக்கலீங்களா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மாசிலாமணியைக் கொன்றது. தினமும் காலையில் மொபெட்டை எடுக்கும்போது "வர்றேன்" என்பான். அவள் சவுரிபாளையத்து வீட்டின் பச்சைக் கேட்டைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுவாள். ஒரு தடவை அவசரத்தில் "போறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். நல்ல வார்த்தை வாயில் வராதா என்று அன்றைக்கெல்லாம் அவனோடு பேசவில்லை. வர்றேன் என்று சொல்லிவிட்டு அவன் ஊரெல்லாம் சுற்றினான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டிலேயே இருந்தாள். சண்டாளன், அவளை மருதமலைக்குக்கூட ஒழுங்காகக் கூட்டிப் போனதில்லை.

"உனக்கு ஆசை இல்லியா வேணி?"

"ஆசைய இங்க யாருங்க கேட்டாங்க? ஆப்ஷனத்தான கேட்டாங்க."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. மாசிலாமணி அதைப் பார்த்துவிட்டான்.

திரும்பிப் பூபதியிடம் போனான். அதற்குள் பூபதி வெகு தூரத்தில் இருந்தான். நடந்து போய்ச் சேர்வதற்குள் செருப்பு தேய்ந்துவிட்டது. வழியில் குப்புராஜ் ஓர் ஆப்பிளை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"சீட்டுப் போடு" என்றான்.

"உறுதிங்களாண்ணா?"

"எனக்கு ஒண்ணுமே புரியல. ஆனா சீட்டுப் போடு."

பூபதி முதல் தடவையாக டையைத் தளர்த்தினான். பிறகு துணியை உருவினான். கார் சிவப்பாக இருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டது.

கமலவேணி அதைச் சுற்றி வந்தாள். கதவைத் திறந்து, குனிந்து, முதலில் தலையைக் கொடுத்துப் பார்த்தாள். சரிப்படவில்லை. அப்புறம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே இழுத்துக்கொண்டாள். புடவைக் கொசுவத்தைச் சரி செய்தாள்.

"இப்புடித்தான் உக்காருவாங்களாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மாசிலாமணி கல்யாண ஆல்பத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். அந்த நிமிஷம் அவன் தொண்டையில் நின்ற முள் இறங்கியது.

கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டான். ஷோரூமைக் கடக்கவே நான்காம் கியர்வரை போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு கியரும் எண்ணெய் விட்ட தாழ்ப்பாள் போல விழுந்தது. கமலவேணி ஜன்னல் கண்ணாடியை இறக்கி, ஏற்றி, மறுபடியும் இறக்கினாள். அவிநாசி ரோட்டில் இரண்டு தடவை கனைத்தார்கள். ஒரு பஸ் ஒதுங்கி நின்று வழி விட்டது.

"எங்கீங்க போறோம்?"

"வீட்டுக்குத்தான்."

சவுரிபாளையத்தில் அந்தப் பச்சைக் கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. இருவரும் இறங்கினார்கள். மாசிலாமணியின் பையில் சாவி இருந்தது. அடுத்தவர் வீட்டுக் கேட்டைச் சாவி போட்டுத் திறக்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. காலிங் பெல்லை அழுத்தினான். உள்ளே மணி அடித்தது. யாரும் திறக்கவில்லை.

"ஆளில்லயாட்ட இருக்குது" என்றாள் கமலவேணி. "ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டு வ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். மீதிச் சொல் கிடைக்கவில்லை.

"வெளிய எங்கயாவது போயிருப்பாங்க."

"நல்ல வீடுங்க. சின்னதா இருந்தாலும் சுத்தமா வெச்சிருக்காங்க."

"ஆமா."

மாசிலாமணிக்கு அழுகை முட்டியது. எதற்கு என்று அவனுக்கே விளங்கவில்லை. அந்த வீட்டுப் பெண்பிள்ளை யாரோ, நல்லவளாகத்தான் இருப்பாள் என்று தோன்றியது. அவளைக் கட்டியவன் கொடுத்து வைத்தவன்.

கமலவேணி கேட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மாடிப்படி ஓரத்துக் கொடியில் ஒரு லுங்கியும் இரண்டு புடவையும் காய்ந்துகொண்டிருந்தன. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"அய்யோ, மழ புடிக்கப் போகுதுங்க. துணிய எடுக்க மறந்துட்டுப் போயிட்டாங்க பாருங்க."

"எடுத்து உள்ள போட்டரலாமா?"

"அடுத்தவங்க வீட்டுத் துணிய நாம எப்புடீங்க தொடறது?"

அதுவும் சரிதான். சிறிது நேரம் அந்தத் துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் தூறல் விழுந்தது. கமலவேணி காரில் ஏறி, சீட் பெல்ட்டைத் தானே தேடி மாட்டிக்கொண்டாள். மாசிலாமணி வண்டியைக் கிளப்பினான்.

"இருங்க" என்றாள். "ஆளில்லாட்டியும் சொல்லிட்டுக் கெளம்போணும். இல்லாட்டி மரியாத இல்ல."

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பூட்டிய வீட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"போறோமுங்க."

அந்த வார்த்தையை அவள் சொல்லி மாசிலாமணி கேட்டதே இல்லை. இரண்டாம் கியர் போட்டபோது மழை பலத்தது. பின்னால் கொடியில் யாருடைய துணியோ நனைந்துகொண்டிருந்தது.